புது செமி-ஆட்டோ ஷாட்கன்: முதல் நூறு தோட்டாவும் அதன் பிறகான மாற்றங்களும்

கேள்வி இதுதான்: ஒருவர் 12 போர் (குழலின் உள்விட்ட அளவு) செமி-ஆட்டோமேட்டிக் ஷாட்கன் புதிதாக வாங்கியிருக்கிறார். 24 கிராம் ரவை உள்ள தோட்டா போட்டால் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது. பெரிய போல்ட் கைப்பிடி (போல்ட் என்பது குழலின் பின்வாயை மூடித் திறக்கும் பாகம்), மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் குழாய்) நீட்டிப்பு, இலகுவான விசை (டிரிகர்) என்று மாற்ற ஒரு பட்டியலே வைத்திருக்கிறார். எதில் தொடங்குவது?

எதையும் வாங்காமல் தொடங்குங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே துப்பாக்கி முதலில் தடையில்லாமல் ஓட வேண்டும். அடுத்து அது உங்கள் உடம்புக்குப் பொருந்த வேண்டும். உதிரிகள் அதற்கும் பிறகுதான். இந்த வரிசை மாறினால், பிறகு ஒரு கோளாறு வரும்போது அது துப்பாக்கியின் குறையா, நீங்கள் போட்ட பாகத்தின் குறையா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. முதலாவது கேஸ் வகை. குழலில் இருக்கும் சிறு துளைகள் வழியாக வெடிவாயு கொஞ்சம் வெளியே வந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் போல்ட்டைப் பின்னால் தள்ளும். ரெமிங்டன் 1100, பெரெட்டா ஏ300, ஏ400, வின்செஸ்டர் எஸ்எக்ஸ்4 ஆகியவை இந்த ரகம். இரண்டாவது இனர்ஷியா வகை. பெனெல்லி எம்2, சூப்பர் பிளாக் ஈகிள் போன்றவை இதில் வரும். இவற்றில் வாயுவுக்கு வேலையே இல்லை. பேருந்து திடீரென்று கிளம்பும்போது நிற்பவர் இருந்த இடத்திலேயே நின்றுவிடப் பார்ப்பதைப் போல, துப்பாக்கி உதைத்துப் பின்னால் வரும்போது உள்ளே இருக்கும் கனமான போல்ட் உடல் நகராமல் நிற்கப் பார்க்கிறது. அந்த நேரத்தில் போல்ட் உடலுக்கும் சுழலும் போல்ட் தலைக்கும் நடுவே உள்ள குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் நசுங்குகிறது. தோள் உதையைத் தாங்கித் துப்பாக்கியின் வேகத்தைக் குறைத்ததும், நசுங்கிய ஸ்பிரிங் விரிந்து போல்ட்டைப் பின்னால் எறிகிறது.

இந்த வேறுபாடு வெறும் பாடமல்ல, பின்னால் செய்யப்போகும் ஒவ்வொரு மாற்றமும் இதைப் பொறுத்தது. இனர்ஷியா துப்பாக்கி ஓடுவதற்குத் துப்பாக்கியே பின்னால் நகர்ந்தாக வேண்டும். அதன் மேல் எடையைக் கூட்டினால் உதையின் வேகம் குறையும், ஸ்பிரிங் போதுமான அளவு நசுங்காது, இலகுவான தோட்டா வேலை செய்யாது. கேஸ் துப்பாக்கி எடையைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாது. ஆனால் புகைக்கரி அதன் பிஸ்டனிலும் துளைகளிலும் படியும். (மூன்றாவதாக, குழல் முழுவதுமே பின்னால் வந்து போகும் பழைய முறை ஒன்று உண்டு. 1900-ல் ஜான் பிரவுனிங் காப்புரிமை பெற்ற ஆட்டோ-5 அந்த வகை. இலகுத் தோட்டாவுக்கும் கனத் தோட்டாவுக்கும் அதன் உராய்வு வளையங்களை இடம் மாற்றிப் போட வேண்டும். எந்தத் தோட்டா என்ற கேள்வி செமி-ஆட்டோவுடன் பிறந்தது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.)

முதல் வெடிக்கு முன்

புதுத் துப்பாக்கியின் உள்ளே பளபளப்பாகத் தெரிவதைப் பலர் எண்ணெய் என்று நினைத்துவிடுகிறார்கள். அது கிடங்கிலும் கப்பலிலும் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய பாதுகாப்புப் பூச்சு. கெட்டியானது, ஒட்டும் தன்மை உள்ளது. புதுத் துப்பாக்கி இலகுத் தோட்டாவில் திணறுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான்.

பிரிக்கும் முன் சேம்பரிலும் (வெடிக்கும் தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி) மேகசினிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்ப்பதோடு விரலால் தடவியும் உறுதி செய்யுங்கள். தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்தி, மேகசின் மூடியைக் கழற்றி, முன்கட்டையையும் குழலையும் முன்னோக்கி உருவுங்கள். பிறகு போல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக முன்னால் விடுங்கள். குழல் இல்லாத நிலையில் அதைப் படாரென்று விட்டால் ரிசீவர் (போல்ட்டையும் விசைத் தொகுதியையும் தாங்கும் நடு உடல்) அடிபடும். கைப்பிடியை நேராக வெளியே இழுத்தால் போல்ட் முன்பக்கமாக வெளியே வரும். விசைத் தொகுதியைத் தாங்கும் ஊசியை, ஒன்றோ இரண்டோ, தட்டி எடுத்தால் அந்தத் தொகுதி கீழே இறங்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு விசையை அழுத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். தடுப்பதற்கு எதுவும் இல்லாததால் சுத்தியல் விசைத் தொகுதியின் உடலில் நேராக மோதும், அலுமினியமோ பிளாஸ்டிக்கோ கீறல் விடும்.

எல்லா உலோகப் பாகங்களையும் துப்பாக்கிச் சுத்திகரிப்புத் திரவத்தால் கழுவித் துடையுங்கள். கார்புரேட்டர் கிளீனர் பிளாஸ்டிக்கையும் மரத்தின் வார்னிஷையும் கரைத்துவிடும், அதைத் தொட வேண்டாம். குழலின் உள்ளே துணி வெள்ளையாக வெளிவரும்வரை தள்ளுங்கள். சேம்பரை அதற்கான பெரிய பிரஷால் தனியாகத் தேய்க்க வேண்டும், ஏனென்றால் குழல் பிரஷ் சேம்பரின் சுவரைச் சரியாகத் தொடாது. மேகசின் குழாயின் உட்புறத்தையும் துடைத்து உலர விடுங்கள். அதன் முனையில் உள்ள பூட்டுத் தட்டை எடுக்கும்போது ஸ்பிரிங் முகத்துக்குப் பாயும். கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே விடுவியுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பலர் விட்டுவிடும் இடம் போல்ட்டைத் திரும்ப முன்னால் தள்ளும் ஸ்பிரிங். சில மாடல்களில் அது மேகசின் குழாயைச் சுற்றியே இருக்கும். அங்கே துடைப்பது சுலபம். வேறு சிலவற்றில் பின்கட்டைக்குள் ஒரு குழாயில் ஒளிந்திருக்கும். அந்தக் குழாயில் பாதுகாப்புப் பூச்சு நிறையத் தேங்கியிருக்கும். போல்ட் பின்னால் வருவதும் முன்னால் போவதும் மந்தமாக இருந்தால் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். கட்டையைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் விட்டு மறுபடி பூட்டுங்கள்.

எண்ணெய் விடும்போது கை தாராளம் காட்ட வேண்டாம். போல்ட் ஓடும் தடங்களில், போல்ட் தலையின் சுழலும் பகுதியில், இணைப்புக் கம்பிகளில் விரலால் தடவிய அளவு போதும். கூடுதல் எண்ணெய் எரியாத மருந்துத் தூளையும் கரியையும் பிடித்துச் சேறாக்கும், குளிரில் கெட்டிப்படும். கேஸ் பிஸ்டனை உலர்வாக வைப்பதா, லேசாக எண்ணெய் தடவுவதா என்பது மாடலுக்கு மாடல் வேறு, அந்த ஒரு கேள்விக்குக் கையேட்டைத்தான் கேட்க வேண்டும். ரெமிங்டன் 1100-ல் மேகசின் குழாயின் மேல் ஒரு ரப்பர் வளையம் வாயு கசியாமல் தடுக்கிறது. அது கிழிந்திருந்தாலோ மாட்ட மறந்தாலோ துப்பாக்கி ஒற்றை வெடித் துப்பாக்கியாகிவிடும். ஒரு வளையம் உபரியாகப் பையில் இருக்கட்டும்.

பூட்டிய பிறகு போல்ட்டைக் கையால் இருநூறு, முந்நூறு முறை முழு நீளத்துக்கு இழுத்து விடுங்கள். மாலையில் அரைமணி நேர வேலை. எங்கேனும் ஓரிடத்தில் அரம் போலக் கரகரவென்று தடுத்தால், அந்தத் தடத்தில் பிசிறு இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் இந்த இழுப்பிலேயே அது மழுங்கிவிடும். அதே இடத்தில் தொடர்ந்து தடுத்தால் விற்பனையாளரிடமே கொண்டுபோங்கள். அரத்தை நீங்கள் எடுக்க வேண்டாம், உத்தரவாதம் போய்விடும்.

பழக்குவது என்றால் என்ன

ரைஃபிளுக்குச் செய்வதைப் போல ஒரு வெடி, ஒரு துடைப்பு என்று குழலைப் பழக்கும் சடங்கு ஷாட்கன்னுக்குத் தேவையில்லை. இதன் குழல் வழவழப்பானது, புரிகள் கிடையாது. ரவையும் பிளாஸ்டிக் தக்கைக்குள் உட்கார்ந்துதான் போகிறது. இங்கே பழக வேண்டியவை போல்ட் தடங்கள், ஸ்பிரிங்குகள், தோட்டாவை விடுவிக்கும் தாழ், தூக்கித் தரும் தட்டு. இவை ஒன்றோடொன்று உரசி வழிக்கு வர வேண்டும், அதற்கு முழு வேகத்தில் ஓட்டம் வேண்டும். அதனால்தான் தொடக்கத்தில் கனமான தோட்டா.

32 முதல் 36 கிராம் ரவை உள்ள, வினாடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகம் கொண்ட தோட்டாவில் 50 முதல் 100 வரை சுடுங்கள். 25 தோட்டா கொண்ட பெட்டியில் இரண்டு முதல் நான்கு பெட்டி. ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. தோள் வலிக்கத் தொடங்கினால் துப்பாக்கியைத் தளர்வாகப் பிடிப்பீர்கள், விசையை இழுக்கும்போது கண்ணை மூடுவீர்கள். அந்தப் பழக்கத்தைப் பிறகு விடுவிப்பது துப்பாக்கியைப் பழக்குவதைவிடக் கடினம். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பெட்டி போதும்.

முதல் ஐந்து வெடிகளுக்கு ஒரே ஒரு தோட்டா மட்டும். போல்ட் ஒவ்வொரு முறையும் பின்னால் நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்த ஐந்து சுற்றுக்கு இரண்டு தோட்டா. விசையை ஒருமுறை இழுத்ததற்கு இரண்டும் வெடித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டும். "மறுபடி வருகிறதா பார்ப்போம்" என்பது கூடாது. இரண்டும் சரியாக ஓடினால் பிறகு மேகசினை நிரப்பலாம்.

கனத் தோட்டா தடையில்லாமல் ஓடிய பிறகு 32 கிராம் சாதாரண இலக்குத் தோட்டாவுக்கு இறங்குங்கள். பிறகு 28. கடைசியாக 24. எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படிதான் உங்கள் துப்பாக்கியின் இன்றைய எல்லை. பல மாடல்களின் கையேடு குறைந்தபட்ச எடை ஒன்றைச் சொல்லியிருக்கும். 24 கிராம் அதற்குக் கீழே இருந்தால் அது கோளாறே அல்ல. கேள்வி கேட்டவருக்கு இதுதான் நேரடிப் பதில்: புதுத் துப்பாக்கியில் 24 கிராம் மாட்டுவது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. கழுவி, நூறு கனத் தோட்டா சுட்ட பிறகும் 28 கிராம் மாட்டினால்தான் ஆராய வேண்டும்.

துப்பாக்கி உறைந்து நிற்கும்போது மூடிவிட்டு அடுத்த தோட்டாவைப் போடாமல், எப்படி நின்றது என்று பாருங்கள். காலித் தோட்டா காலடியிலேயே சோர்ந்து விழுந்தால், அல்லது காலி வெளியேறும் வாசலில் நிமிர்ந்து நின்று போல்ட்டுக்கு இடையே சிக்கினால், போல்ட் போதுமான தூரம் பின்னால் வரவில்லை. தோட்டா இலகு, அழுக்கு, ஒட்டும் பூச்சு, தளர்ந்த பிடி என்ற வரிசையில் சந்தேகியுங்கள். காலி வெளியே வராமல் சேம்பரிலேயே இருந்துவிட்டால் அது வேறு கதை: சேம்பர் சொரசொரப்பாக இருக்கலாம், அல்லது பிடுங்கி நகத்தின் அடியில் கரி இருக்கலாம். மலிவுத் தோட்டாக்களின் அடிப்பாகம் பித்தளையாக இல்லாமல் பூசிய இரும்பாக இருக்கும். இரும்பு வெடியில் விரிந்த பிறகு பித்தளை அளவுக்குச் சுருங்குவதில்லை, சொரசொரப்பான சேம்பரைப் பற்றிக்கொள்ளும். பித்தளை அடி உள்ள தோட்டா ஓடி, இரும்பு அடி மாட்டினால் காரணம் கிடைத்துவிட்டது. பழைய சேம்பர் பிரஷில் நாலு பூஜ்ய இரும்புக் கம்பளியைச் சுற்றி, எண்ணெய் விட்டு, மெதுவாகச் சுழலும் டிரில்லில் அரை நிமிடம் தேய்த்தால் பெரும்பாலும் தீரும். உப்புத்தாள் ஒருபோதும் வேண்டாம். சேம்பரில் குரோம் பூச்சு இருந்தால் இரும்புக் கம்பளியும் வேண்டாம், கடையிடம் கொடுங்கள்.

காலி நன்றாகப் பறந்துபோய், அடுத்த தோட்டா மட்டும் மேலே வரவில்லையென்றால் மேகசின் பக்கம் திரும்புங்கள்: குழாயில் தூசி, ஸ்பிரிங் தலைகீழாக மாட்டியது, தோட்டா விடும் தாழில் பூச்சு.

இனர்ஷியா வகைக்கே உரிய ஒரு கோளாறு உண்டு. விசையை இழுத்தால் "க்ளிக்" என்று மட்டும் கேட்கும், வெடிக்காது. போல்ட் தலை முழுமையாகச் சுழன்று பூட்டிக்கொள்ளாததுதான் காரணம். சத்தம் வராமல் இருக்கக் கையால் தாங்கி மெதுவாக மூடியிருப்பீர்கள், அல்லது துப்பாக்கியின் அடியைத் தரையில் தட்டியிருப்பீர்கள். போல்ட்டைத் தானே ஓடி மூட விடுங்கள். பிறகு கைப்பிடியை முன்னோக்கி ஒருமுறை தள்ளிப் பாருங்கள். அப்படியும் அடிக்கடி வந்தால், போல்ட்டைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது அல்லது அழுக்கடைந்திருக்கிறது.

"க்ளிக்" கேட்டதும் துப்பாக்கியை இறக்கித் திறந்துவிடக் கூடாது. குழல்வாயைப் பாதுகாப்பான திசையிலேயே 30 வினாடி வைத்திருங்கள். தோட்டா தாமதமாக வெடிக்கக்கூடும். இதைவிட முக்கியமான இன்னொன்று: வெடிச் சத்தம் வழக்கத்தைவிடச் சப்பையாக "புஸ்" என்று கேட்டால், செமி-ஆட்டோ அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டிருந்தாலும் சுடாதீர்கள். தக்கை குழலுக்குள் நின்றிருக்கலாம். அடுத்த வெடியில் குழல் பிளக்கும். முழுவதும் காலி செய்து, குழலைக் கழற்றி, வெளிச்சத்தில் ஊடே பாருங்கள். அதே காரணத்தால் 12 போர் துப்பாக்கி இருக்கும் பையில் 20 போர் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. அது சேம்பரைத் தாண்டி வழுக்கிக் குழலுக்குள் போய் உட்காரும். பார்த்தால் காலியாகத் தெரியும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வைத்திருப்பது இதற்காகத்தான். சேம்பர் நீளத்தையும் குழலில் பொறித்திருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 70 மி.மீ. சேம்பரில் 76 மி.மீ. தோட்டா நுழைந்துவிடும், ஆனால் சுட்ட பிறகு அதன் வாய் விரிய இடமிருக்காது, அழுத்தம் எகிறும். கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்பு இல்லாமல் ஒரு தோட்டாகூட வேண்டாம். ஷாட்கன் சத்தம் 140 டெசிபலைத் தாண்டுகிறது, இழந்த கேட்கும் திறன் திரும்பாது.

சுடும்போது ஒவ்வொரு 25 வெடிக்கும் மேகசின் மூடியையும் சோக்கையும் (குழல்வாயைக் குறுக்கத் திருகி மாட்டும் சிறு குழாய்) தொட்டுப் பாருங்கள். புதுத் துப்பாக்கியில் மூடி தளர்வது சகஜம். தளர்ந்த மூடியோடு சுட்டால் குழல் முன்னும் பின்னும் ஆடி முன்கட்டையை விரிசல் விட வைக்கும். தளர்ந்த சோக் இன்னும் மோசம். அதன் விளிம்பு குழலுக்குள் துருத்தி, தக்கை அதில் மோதி, சோக்கும் குழல்வாயும் ஒருசேரக் கெடும். சோக்கின் புரிகளில் கிரீஸ் தடவி இறுக்குங்கள். சோக் இல்லாமல் சுடவே கூடாது. வெற்றுப் புரிகள் கிழிந்துவிடும்.

உடம்புக்குப் பொருத்துவது

செலவே இல்லாமல் அதிகப் பலன் தரும் மாற்றம் இதுதான், பலரும் கடைசிக்குத் தள்ளுவதும் இதைத்தான். ஷாட்கன்னில் பின்பக்கக் குறிகாட்டி கிடையாது. உங்கள் கண்ணே பின் குறிகாட்டி. கன்னம் கட்டையில் எங்கே உட்காருகிறதோ அங்கேதான் ரவை போகும்.

காலித் துப்பாக்கியோடு கண்ணை மூடித் தோளில் ஏற்றி, கன்னத்தை இயல்பாக வைத்து, கண்ணைத் திறங்கள். குழலின் மேல்பட்டை தட்டையாக, முனைமணி நடுவே தெரிய வேண்டும். பட்டை நீளமாக மேடேறித் தெரிந்தால் கண் உயரத்தில் இருக்கிறது, வெடி மேலே போகும். ரிசீவரின் முதுகு மட்டுமே தெரிந்தால் கண் தாழ்ந்திருக்கிறது. மணி இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கியிருந்தால் கட்டையின் பக்கச் சாய்வு பொருந்தவில்லை.

இதைத் தாளில் உறுதி செய்யுங்கள். 16 கஜத்தில், அதாவது சுமார் 14.6 மீட்டரில், பெரிய தாளில் ஒரு புள்ளி வைத்து, இறுக்கமான சோக்கில், துப்பாக்கியை நிதானமாகக் குறிவைக்காமல் ஏற்றிய வேகத்தில் ஐந்து முறை சுடுங்கள். ரவைக் கூட்டத்தின் மையம் புள்ளியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்கவும். கணக்கு எளிது. கண்ணிலிருந்து குழல் முனைவரை ஏறத்தாழ 36 அங்குலம். 16 கஜம் என்பது 576 அங்குலம், அதாவது பதினாறு மடங்கு. எனவே தாளில் ஓர் அங்குல விலகலுக்குக் கன்னக் கட்டையில் பதினாறில் ஒரு பங்கு அங்குலம், 1.6 மி.மீ., மாற்ற வேண்டும். வெடி மூன்று அங்குலம் தாழ்ந்தால் கன்னத்தை ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக உயர்த்துங்கள்.

பல செமி-ஆட்டோக்களோடு வரும் சிறு பிளாஸ்டிக் தட்டுகள் இதற்குத்தான். அவை ரிசீவருக்கும் பின்கட்டைக்கும் இடையே உட்காரும். கட்டையின் தாழ்வையும் பக்கச் சாய்வையும் மாற்றும். எழுத்தும் வலது இடது குறியும் பொறித்திருக்கும். கட்டைக்குள் பின்பக்கம் துணைத் தட்டு ஒன்று உள்ள மாடல்களில் இரண்டின் குறியும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் கட்டை கோணலாக இறுகி, சில நூறு வெடியில் மரம் பிளக்கும். ரப்பர் மெத்தையைக் கழற்ற, அதன் முதுகில் உள்ள சிறு பிளவுகளில் சோப்பு தடவிய ஸ்க்ரூடிரைவரை நுழையுங்கள். சோப்பு இல்லாமல் நுழைத்தால் ரப்பர் பிய்யும். தட்டு போதாத இடத்தில், கன்னக் கட்டையின் மேல் மெல்லிய நுரை அட்டையை டேப்பால் ஒட்டி, ஒவ்வொரு அடுக்காகக் கூட்டிச் சுட்டுப் பாருங்கள். உயரம் நிச்சயமான பிறகே நிரந்தரமான மெத்தை.

விசையிலிருந்து கட்டையின் முடிவுவரை உள்ள நீளம் தொழிற்சாலையில் பெரும்பாலும் 36 செ.மீ.யை ஒட்டி இருக்கும். முழங்கை மடிப்பில் வைத்து அளக்கும் பழைய முறை நம்பத்தக்கதல்ல. துப்பாக்கியை ஏற்றிய நிலையில் மூக்குக்கும் பிடிக்கும் கையின் கட்டைவிரலுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடம் இருந்தால் நீளம் சரி. மூக்கில் கட்டைவிரல் இடித்தால் குட்டை. ஏற்றும்போது அக்குளில் மாட்டினால் நீளம். தடித்த குளிருடை போடுகிறவர் அந்த உடையோடே அளக்க வேண்டும்.

சோக்கும் தாளும்

புதுச் சோக் வாங்கும் முன் கூட வந்தவை என்ன செய்கின்றன என்று பாருங்கள். சோக் குழலைக் குறுக்கும் அளவு தோராயமாக இப்படி: ஸ்கீட் 0.13 மி.மீ., இம்ப்ரூவ்டு சிலிண்டர் 0.25, மாடிஃபைடு 0.5, ஃபுல் 0.9 முதல் 1.0. 40 கஜத்தில், அதாவது 36.6 மீட்டரில், 75 செ.மீ. வட்டத்துக்குள் ஃபுல் சோக் 70 சதவீத ரவையையும், மாடிஃபைடு 60-ஐயும், இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50-ஐயும் போட வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். 1.2 மீட்டர் சதுரத் தாளில் சுட்டு, ரவை அடர்ந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, துளைகளை எண்ணுங்கள். 2.4 மி.மீ. ரவை 28 கிராமில் சுமார் 350 இருக்கும். அதில் வகுத்தால் சதவீதம் வரும். ஒரு தாள் எதையும் நிரூபிக்காது. ஒரே சோக், ஒரே தோட்டாவுக்குக் குறைந்தது மூன்று தாள், ஐந்து என்றால் நல்லது. தோட்டாவின் பிராண்டை மாற்றினால் ஒரு சோக் அளவு வித்தியாசம் வருவதைப் பார்க்கலாம். அதனால் சோக்குக்கு முன் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். ஸ்டீல் ரவை ஈயத்தைப் போல நசுங்காது. சோக் தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் தவிர, அதை மாடிஃபைடுக்கு மேல் இறுக்கமான சோக்கில் சுட வேண்டாம்.

உதிரிகள்

இப்போதுதான் பட்டியலுக்கு வருகிறோம். ஒரு நேரத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பிறகு 25 இலக்குத் தோட்டா, 10 கனத் தோட்டா சுட்டு, கடைசி வெடியில் போல்ட் பின்னால் நிற்கிறதா என்றும் பார்த்த பிறகே அடுத்தது.

பெரிய போல்ட் கைப்பிடி நல்ல மாற்றம். கையுறை போட்ட கைக்கும் வியர்த்த கைக்கும் உதவும். ஆனால் அது இறுக்கமாகப் பொருந்த வேண்டும். விரலால் சுலபமாக உருவ முடிந்தால் சில வெடியில் பறந்து போகும், துப்பாக்கியும் அங்கேயே நின்றுவிடும். போல்ட் விடுவிக்கும் பொத்தானைப் பெரிதாக்குவதில் எச்சரிக்கை தேவை. சில மாடல்களில் போல்ட் மூடியிருக்கும்போது அந்தப் பொத்தான் அழுந்தினால் மேகசினிலிருந்து ஒரு தோட்டா தூக்கும் தட்டின் மேல் வந்து நின்று, அடுத்த வெடியில் பெரும் சிக்கலாகும். பெரிய பொத்தான் பையில், தொடையில், மேசை விளிம்பில் தானாக அழுந்தும்.

மேகசின் நீட்டிப்பு போடும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் உரிம நிபந்தனையையும் படியுங்கள். பல இடங்களில் மேகசினில் இரண்டு தோட்டாவுக்கு மேல் கூடாது, மேகசினுக்குள் கூடவே வரும் தடுப்புக் கட்டையை எடுப்பதே குற்றமாகலாம். அனுமதி இருந்தால் கவனிக்க வேண்டியது இரண்டு குழாய்களும் சேரும் இடம். உள்ளே நகம் தடுக்கும் அளவு படி இருந்தாலும் தள்ளுதட்டு அங்கே மாட்டும். ஸ்பிரிங் முழுக் குழாயைவிட ஒரு சாண் முதல் ஓரடி நீளமாக இருக்கும்படி வெட்டுங்கள். குட்டையாக வெட்டினால் கடைசித் தோட்டா சோம்பேறியாக வரும்.

ரிசீவர் பக்கத்தில் தோட்டா வைக்கும் சட்டம் மாட்டுவோருக்கு ஒரு குறிப்பு, இதை அறியாமல் துப்பாக்கியைக் குறைசொல்பவர்கள் நிறையப் பேர். அது பெரும்பாலும் விசைத் தொகுதி ஊசிகளின் இடத்தில் நீண்ட திருகாணிகளால் பிடிக்கும். அவற்றை அதிகம் இறுக்கினால் ரிசீவரின் சுவர்கள் உள்ளே நெருங்கிப் போல்ட்டை உரசும், ஓட்டம் கெடும். இறுக்கும்போதே போல்ட்டைக் கையால் நகர்த்திப் பாருங்கள். கனக்கத் தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்தி, மிதமான திருகாணிப் பசை போட்டுவிடுங்கள். இனர்ஷியா துப்பாக்கியில் இந்தச் சட்டம், ஆறு தோட்டா, விளக்கு, நீட்டிப்பு எல்லாம் சேர்ந்து அரைக்கிலோவுக்கு மேல் ஏறினால் இலகுத் தோட்டாவை மறந்துவிட வேண்டியதுதான். மேலே ஒளிப்புள்ளிக் குறிகாட்டி பொருத்தினால் பார்வைக் கோடு உயரும். கன்னக் கட்டையையும் உயர்த்த வேண்டும், இல்லையென்றால் மோவாயைக் கட்டையில் வைத்துச் சுடுவீர்கள்.

விசையை நீங்களே தொடாதீர்கள். தொழிற்சாலை விசை பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று கிலோ இழுப்பு. கனமாகத் தோன்றலாம், ஆனால் நகரும் இலக்கை நோக்கி விசையைத் தட்டுகிற ஷாட்கன்னில், ரைஃபிள் அளவுக்கு இலகுவான விசை எதையும் கூட்டித் தராது. சுத்தியலைப் பற்றும் விளிம்பை அரை முடி அளவு அதிகம் தேய்த்தாலும் போல்ட் மூடும் அதிர்ச்சியிலேயே சுத்தியல் விழும், ஒரே இழுப்பில் இரண்டு வெடிக்கும். சேஃப்டி பொத்தான் பெரும்பாலான ஷாட்கன்களில் விசையை மட்டுமே தடுக்கிறது, சுத்தியலைத் தடுப்பதில்லை; தேய்ந்த விளிம்பிலிருந்து அது உங்களைக் காப்பாற்றாது. சுத்தியல் ஸ்பிரிங்கை மெல்லியதாக மாற்றுவதும் வேண்டாம், கடினமான கேப் (மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடி) உள்ள தோட்டா வெடிக்காமல் போகும். 500 வெடிக்குப் பிறகும் விசை உறுத்தினால், தயாரிப்பாளரின் மாற்று விசைத் தொகுதி இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது கைதேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

குழலின் உள் சரிவை நீட்டுவது, உள்விட்டத்தைக் கூட்டுவது, முனையில் துளை போடுவது ஆகியவற்றுக்குச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் தீர்மானமான கருத்து. குரோம் பூசிய குழலில் பூச்சு போய்விடும், துளைகள் சத்தத்தைப் பக்கத்தில் நிற்பவர் காதில் கொட்டும், தாளில் தெரியும் பலன் தோட்டா பிராண்டை மாற்றுவதால் வருவதைவிடக் குறைவு. அந்தப் பணத்துக்குப் பத்துப் பெட்டித் தோட்டா வாங்கிச் சுடுங்கள்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். கேஸ் வகை என்றால் 250 முதல் 500 வெடிக்குள் பிஸ்டனையும் துளைகளையும் துடையுங்கள். இனர்ஷியா வகை இன்னும் நெடுநாள் தாங்கும். இரண்டையுமே துடைத்த பிறகு குழல்வாய் கீழே இருக்கும்படி ஓரிரவு சாய்த்து வையுங்கள். எஞ்சிய எண்ணெய் வாய்ப்பக்கம் வடிந்துவிடும். நிமிர்த்தி வைத்தால் அது விசைத் தொகுதிக்குள்ளும் பின்கட்டைக்குள்ளும் இறங்கி, ரிசீவரைத் தொடும் இடத்தில் மரத்தை ஊற வைத்து மென்மையாக்கும். பிறகு அந்த இடம்தான் ஒவ்வொரு உதையையும் வாங்கும்.